இடையில் நின்ற பணியும் உரியவரில்லாப் பூட்டும்

கணிப்பொறியில் மென்பொருட் பொதிகளை நிர்வகித்தல் பற்றிய பாடம்

பள்ளி ஒன்றின் கணிப்பொறிக் கூடத்தில், மாலை வேளையில், மென்பொருட்கள் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டிருக்கின்றன. பாதி வேலை நடந்த நிலையில் மின்சாரம் நின்றுவிடுகிறது. அரைமணி நேரம் கழித்து மின்சாரம் மீள்கிறது, கணிப்பொறியும் விழித்தெழுகிறது. விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று ஆசிரியர் ஏவலைத் தட்டுகிறார். ‘தரவுத்தளத்தைப் பூட்ட இயலவில்லை’ என்னும் பொருள்பட ஒரு வரி திரையில் தோன்றுகிறது. மறுநாட் காலையில் மாணவர்களுக்குச் செய்முறைத் தேர்வு. விஷயம் தெரிந்தவர் ஒருவரைத் தொலைபேசியில் கேட்டால், ‘பூட்டுக் கோப்பை அழித்துவிடுங்கள், சரியாகிவிடும்’ என்கிறார்.

இந்த யோசனை ஒரு வகைக் கணிப்பொறிக்குப் பொருந்தும். வேறொரு வகையில், அதுவே உள்ள மென்பொருளனைத்தையும் குலைத்துவிடக்கூடும். இரண்டிற்கும் உள்ள வேறுபாடு நுட்பமானதேயன்றிக் கடினமானது அன்று.

முதலில் பொதி என்பது யாது எனக் காண்போம். லினக்ஸ் இயக்க முறைமையில் ஒரு மென்பொருள் பல கோப்புகளாகப் பிரிந்து, கணிப்பொறியின் பல அடைவுகளில் சென்று அமர்கிறது. இக்கோப்புகளையும், அவை எங்கெங்கே அமர வேண்டும், வேறு எந்த மென்பொருளை நம்பி நிற்கின்றன என்னும் விவரங்களையும் ஒரே கட்டாகக் கட்டி வைத்திருப்பதே பொதி. பொதிகளைப் பிரித்து நிறுவவும், நீக்கவும், புதுப்பிக்கவும் வல்ல நிரல் பொதி மேலாளர் எனப்படும். டெபியன் வழியில் வந்தவற்றில் டிபிகேஜி என்னும் நிரலும், அதன்மேல் நின்று ஏவும் ஏப்ட் என்னும் நிரலும் இப்பணியைச் செய்கின்றன. நம் நாட்டில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் டெபியனை அடிப்படையாகக் கொண்டது. கேரளப் பள்ளிகளில் வழங்கும் முறைமை உபுண்டுவைத் தழுவியது. உபுண்டுவோ டெபியனின் வழித்தோன்றல். ஆகவே நம் கூடங்களில் மிகுதியும் காணப்படுவது இவ்வகையே. ரெட் ஹேட் வழியினவற்றில் ஆர்பிஎம் என்பதும், ஆர்ச் லினக்ஸில் 2002-ஆம் ஆண்டில் ஜட் வினெட் என்பார் தொடங்கிய பேக்மேன் என்பதும் வழங்குகின்றன.

பொதி மேலாளர் ஒவ்வொன்றும் ஒரு பேரேடு வைத்திருக்கிறது. எந்தப் பொதி எந்தப் பதிப்பில் நிறுவப்பட்டுள்ளது, எந்தக் கோப்பு எந்தப் பொதிக்கு உரியது என்பன அதில் பதியப்பெறும். இதனையே தரவுத்தளம் என்கிறோம். ஒரே பேரேட்டில் இரண்டு கணக்கர்கள் ஒரே சமயத்தில் எழுதினால் என்ன ஆகும்? ஒருவர் வரவு எழுதிய வரியின்மேல் மற்றவர் செலவை எழுதுவார். இருவரும் தத்தம் கணக்குச் சரி என்றே நம்பியிருப்பர். பேரேடு மட்டும் பிழைபட்டால் போகட்டும் எனலாம். ஆனால் அப்பேரேட்டை நம்பியே அடுத்த பொதியை நிறுவுவதும் நீக்குவதும் நடைபெறுகின்றன. எனவேதான், எழுதத் தொடங்குமுன் பேரேட்டைப் பூட்டுதலும், எழுதி முடித்தபின் திறந்துவிடுதலும் முறையாயின.

பூட்டுகள் இருவகை

சத்திரத்தின் உதாரணம் ஒன்று இதனை விளக்கும். ஒரு சத்திரத்தில், அறைக்குள் நுழைபவர் ‘ஆள் உண்டு’ என்று எழுதிய பலகையைக் கதவில் மாட்டிவிட்டுச் செல்கிறார். புறப்படும்போது தாமே கழற்றிவிட வேண்டும். இன்னொரு சத்திரத்தில் பலகை இல்லை. வாயிலில் மணியக்காரர் அமர்ந்து, எந்த அறை யாரிடம் உள்ளது என ஏட்டில் குறிக்கிறார். தங்கியவர் எவ்வழியாக வெளியேறினாலும், சொல்லாமலே போனாலும், மணியக்காரர் அவர் பெயரை அடித்துவிடுவார்.

பேக்மேனின் பூட்டு முதல் வகை. ‘வார்’ அடைவில் ‘லிப்’ என்பதன் கீழ் உள்ள ‘பேக்மேன்’ அடைவில் ‘டிபி.எல்சிகே’ என்னும் வெற்றுக் கோப்பை அது படைக்கிறது. அதனுள் ஓர் எழுத்தும் இல்லை. அக்கோப்பு இருப்பதே பூட்டு, இல்லாமை திறப்பு. கோப்பைப் படைக்கும்போது, ‘ஏற்கெனவே இருந்தால் படைக்காதே’ என்னும் நிபந்தனையோடு கர்னலைக் கேட்கிறது. கர்னல் என்பது இயக்க முறைமையின் கருவாகிய பகுதி. இருக்கிறதா என்று பார்த்தலும் படைத்தலும் பிரிக்கவொண்ணாத ஒரே செயலாக நடைபெறுவதால், இருவர் ஒருங்கே நுழைதற்கு இடமில்லை. எளிய முறை; ஆயினும் பலகையை மாட்டியவர் மாண்டுவிட்டால் கழற்றுவார் இல்லை. மின்சாரம் நின்று மீண்டபின் கணிப்பொறி புதிதாகத் தொடங்கினாலும், கோப்பு வட்டில் அப்படியே இருக்கும். இதுவே உரியவரில்லாப் பூட்டு.

டிபிகேஜியின் பூட்டு இரண்டாம் வகை. அங்கும் ‘லாக்’ என்னும் பெயரில் ஒரு கோப்பு உண்டு. ஆனால் அக்கோப்பு இருப்பது பூட்டன்று. அக்கோப்பின்மீது தனக்கு உரிமை வேண்டும் என்று ஓடும் நிரல் கர்னலிடம் கேட்கிறது. கர்னல் தன் நினைவகத்தில் குறித்துக்கொள்கிறது. நிரல் எவ்விதம் முடிந்தாலும் உரிமை அக்கணமே நீங்கும். மின்சாரம் போனால் கர்னலின் நினைவே போய்விடுவதால், பூட்டும் போயிற்று. கோப்பு மட்டும் எப்போதும் கிடக்கும். ஆதலின் டெபியன் வழியில் ‘பூட்ட இயலவில்லை’ என்னும் செய்தி வந்தால், அதற்குப் பெரும்பாலும் ஒரே பொருள்தான்: வேறொரு நிரல் இப்போது, இந்நொடியில், உண்மையாகவே அப்பூட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அங்கே கோப்பை அழித்தால் நேர்வது யாது? கர்னல் குறித்துவைத்திருப்பது கோப்பின் பெயரையன்று. வட்டில் அக்கோப்புக்குரிய உள்ளெண்ணையே. பெயரை அழித்தாலும், பிடித்திருப்பவரிடம் பழைய கோப்பு உயிரோடிருக்கும். புதிதாக வரும் நிரல் அதே பெயரில் வேறொரு கோப்பைப் படைத்து, அதன்மீது உரிமை கேட்கும். கர்னலும் தடையின்றி வழங்கும். அறைக் கதவைப் பெயர்த்தெடுத்து அதே எண்ணிட்ட புதுக் கதவைப் பொருத்தியது போலாயிற்று. இப்போது ஒரே பேரேட்டில் இரு கணக்கர்கள் எழுதுகின்றனர். தடுக்க வேண்டிய பூட்டோ இருவர் கையிலும் உள்ளது. ஏப்ட் நிரலின் அண்மைப் பதிப்புகள், பூட்டுக் கோப்பை நீக்குவது தீர்வாகாது, முறைமை குலையக்கூடும் என்று தாமே எச்சரிக்கின்றன. பூட்டைப் பிடித்திருக்கும் நிரலின் பெயரையும் எண்ணையும்கூட அவை காட்டுகின்றன. அவ்வெச்சரிக்கையைப் படியாமல் கடந்துபோவோர் பலர்.

அந்நிரல் எங்கிருந்து வந்தது எனின், பெரும்பாலும் கணிப்பொறியே அழைத்தது. உபுண்டு போன்றவற்றில், பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாகவே நிறுவும் பணி ஒன்று பின்னணியில் நடைபெறுகிறது. சில நாட்கள் அணைத்து வைத்திருந்த கணிப்பொறியைக் காலையில் இயக்கியதும் அது வேலையைத் தொடங்கிவிடும். அதே நேரத்தில் ஆசிரியரும் ஏவலைத் தட்டுகிறார். காத்திருத்தலே இதற்குரிய பரிகாரம். சிறிது நேரத்தில் அது முடிந்துவிடும்.

வேறொரு பொதுவான காரணமும் உண்டு. பணியை நிறுத்த எண்ணிக் கண்ட்ரோல் விசையுடன் ‘சி’ விசையை அழுத்துவதற்கு மாறாக ‘இசட்’ விசையை அழுத்திவிடுகின்றனர். திரையில் ஏவற்குறி மீண்டும் தோன்றுவதால் நிரல் முடிந்தது என்று நம்புகின்றனர். அது முடியவில்லை, உறங்குகிறது. உறங்குபவர் கையில் சாவி இருக்கிறது. அதே முனையத்தில் ‘எப்ஜி’ எனத் தட்டினால் நிரல் மீண்டும் முன்னுக்கு வரும். அதனை முறையாக முடிக்கலாம்.

சைகைகளும் அவற்றை ஏற்கும் விதமும்

ஓடும் நிரலை இடையில் நிறுத்த வேண்டுமாயின், கர்னல் அதற்கு ஒரு சைகை அனுப்புகிறது. கணிப்பொறியியலில் ‘இன்டரப்ட்’ எனும் சொல், விசைப்பலகை போன்ற உறுப்புகள் செயலியை அழைக்கும் மின்குறியையும் குறிக்கும்; இப்பாடத்தில் பேசப்படுவது அதுவன்று. கண்ட்ரோல்-சி அழுத்தும்போது 2-ஆம் எண் சைகை செல்கிறது. முனையச் சாளரத்தை மூடினால் அல்லது தொலைவிலிருந்து வந்த இணைப்பு அறுந்தால் 1-ஆம் எண். ‘கில்’ ஏவல் வேறொன்றும் சொல்லாதபோது அனுப்புவது 15-ஆம் எண். இம்மூன்றையும் நிரலானது கையேற்று, தன் பணியை ஒழுங்குசெய்துகொண்டு முடியலாம். 9-ஆம் எண் சைகை வேறு சாதி. அதனை எந்த நிரலும் கையேற்க இயலாது, தடுக்கவும் இயலாது. கர்னல் அந்நிரலை அக்கணமே ஒழித்துவிடும். மின்சாரம் நிற்றலும் நிரலைப் பொறுத்தவரை இதற்கு ஒப்பானதே.

நன்கு எழுதப்பட்ட பொதி மேலாளர் 2-ஆம் எண் சைகையை எல்லா நிலையிலும் ஒரே விதமாக ஏற்பதில்லை. பேக்மேன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பொதிகளை இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டிருக்கும்போது கண்ட்ரோல்-சி அழுத்தினால், இறக்கம் நிற்கும். பூட்டுக் கோப்பு நீக்கப்படும். பாதி இறங்கிய கோப்பு ‘பார்ட்’ என்னும் பின்னொட்டோடு இருந்து, அடுத்த முறை விட்ட இடத்திலிருந்து தொடர உதவும். கேடொன்றும் இல்லை. ஆயின் பொதிகளைப் பிரித்து நிறுவும் கட்டம் தொடங்கிய பின் அதே விசையை அழுத்தினால், நிரல் உடனே நிற்பதில்லை. ‘நிறுத்தச் சொன்னார்கள்’ என ஒரு குறிப்பை மட்டும் எழுதிக்கொண்டு, கையிலுள்ள பொதியை முடிக்கிறது. அதன் பிறகே நின்று, பூட்டைக் கழற்றுகிறது. விசையை அழுத்தியும் நிற்கவில்லையே என்று பொறுமையிழந்து 9-ஆம் எண் சைகையை அனுப்புவோர் உண்டு. நிரல் ஒழுங்காக நிற்க முயன்றுகொண்டிருக்கும் நேரத்தில் அதனைக் கொல்வதாகும் இது. நிற்பதற்குச் சில வினாடிகள் தாமதம் ஆவது பழுதன்று.

இடையில் கொல்லப்பட்டால் தீமை எவ்வளவு என்பது, எந்தப் பொதி கையில் இருந்தது என்பதைப் பொறுத்தது. எழுத்துருப் பொதியாயின் மீண்டும் நிறுவினால் போதும். ஆர்ச் லினக்ஸில் கர்னலின் பொதியாயின் நிலை வேறு. கணிப்பொறி தொடங்கும்போது முதலில் ஏற்றப்படும் தொடக்கப் படிமம், எல்லாப் பொதிகளும் நிறுவப்பட்டபின் கடைசியாகவே ஆக்கப்படுகிறது. பழைய கர்னல் நீங்கிப் புதியது வந்து, படிமம் ஆக்கப்படாத இடைவெளியில் மின்சாரம் நின்றால், அக்கணிப்பொறி மறுபடி தொடங்காமலே போகலாம். பூட்டுக் கோப்பு அப்போது ஒரு பொருட்டே அன்று. நிறுவற் தகட்டையோ விரலியையோ கொண்டு தொடங்கி, பழைய முறைமைக்குள் நுழைந்து, புதுப்பித்தலை மீண்டும் நடத்த வேண்டியிருக்கும்.

அங்ஙனமாயின், பூட்டுக் கோப்பில் நிரலின் எண்ணை எழுதி வைத்து, அவ்வெண்ணுடைய நிரல் இன்னும் ஓடுகிறதா என்று சோதிக்கலாகாதா? சில நிரல்கள் அவ்வாறே செய்கின்றன; ரெட் ஹேட் வழியில் வழங்கிய யம் என்பது இம்முறையைக் கையாண்டது. எனினும் எண்கள் மீண்டும் பயன்படுபவை. லினக்ஸில் மரபான உச்ச வரம்பு 32,768. அதனை எட்டியதும் காலியான எண்கள் மறுபடி வழங்கப்படும். மாண்ட நிரலின் எண் தொடர்பில்லாத வேறொரு நிரலுக்குக் கிடைத்துவிட்டால், பூட்டு உயிரோடிருப்பதாகவே தோன்றும். இதனாலேயே எண்ணை எழுதும் முறை முழுத் தீர்வாகாது. கர்னலிடமே பூட்டை ஒப்படைப்பது மேலான முறை என்று கருத இடமுண்டு.

ஆர்பிஎம் நெடுங்காலம் பெர்க்லி டிபி என்னும் தரவுத்தளத்தைக் கையாண்டது. நிரல் இடையில் மாண்டால், பூட்டுகளின் குறிப்புகள் துணைக் கோப்புகளில் எஞ்சி நின்று, அடுத்து வரும் ஏவல்கள் அசையாமல் நின்றுவிடுவதுண்டு. அத்துணைக் கோப்புகளை நீக்கிப் பேரேட்டைப் புதுக்கி எழுதுவது பழைய பரிகாரம். 2020-ஆம் ஆண்டில் பெடோரா 33-ஆம் பதிப்பிலிருந்து எஸ்கியூலைட் அதனிடத்தைப் பெற்றது.

மீட்கும் முறை

பூட்டு உரியவரில்லாதது என்று முடிவு செய்யுமுன் பார்க்க வேண்டியது ஒன்றே: அதனைப் பிடித்திருப்பவர் உண்டா? ‘பியூசர்’ என்னும் ஏவலுக்குப் பூட்டுக் கோப்பின் முழுப் பெயரைக் கொடுத்து, நிர்வாகி உரிமையுடன் ஓட்டினால், அக்கோப்பைத் திறந்து வைத்திருக்கும் நிரலின் எண்ணை அது சொல்லும். ‘பிஎஸ்’ ஏவலால் அந்த எண் எந்த நிரலுக்குரியது எனத் தெளியலாம். திரையில் சாளரம் ஏதும் இல்லை என்பதை வைத்து முடிவு செய்தல் கூடாது. பின்னணிப் பணிகளுக்குச் சாளரம் இராது.

பேக்மேனில் பிடித்திருப்பவர் எவருமில்லை எனத் தேர்ந்தபின் ‘டிபி.எல்சிகே’ கோப்பை நீக்கலாம். இங்கே அது முறையான பரிகாரம். நிரலின் செய்தியே அவ்வாறு கூறுகிறது. ஆனால் கோப்பை நீக்கியதால் பழுது நீங்கியது என்று எண்ணுவது தவறு. பூட்டு எஞ்சி நிற்பது, பணி ஒன்று முடியாமல் நின்றது என்பதற்குச் சாட்சி. பேக்மேனின் நாட்குறிப்பில் பணி தொடங்கியது என ஒரு வரியும், நிறைவுற்றது என ஒரு வரியும் பதிவாகும். தொடக்கம் இருந்து நிறைவு இல்லையாயின், அவ்விடைவெளியில் பேசப்பட்ட பொதிகளே ஐயத்துக்கு உரியவை. புதுப்பித்தல் முழுவதையும் மீண்டும் நடத்தியபின், ‘கியூகே’ விருப்பத்தால் பொதிகளின் கோப்புகள் உளவா என்றும், ‘டிகே’ விருப்பத்தால் ஒன்றையொன்று நம்பியிருக்கும் தொடர்புகள் குறையின்றி உள்ளனவா என்றும் சோதித்தல் நன்று.

டிபிகேஜி தான் நின்ற இடத்தை மேலும் நுட்பமாகக் குறித்து வைக்கிறது. ஒரு பொதி ‘பாதி நிறுவப்பட்டது’, ‘பிரிக்கப்பட்டது’, ‘பாதி அமைவுற்றது’, ‘நிறுவப்பட்டது’ எனப் பல படிகளைக் கடக்கும். ஒவ்வொரு படி மாற்றமும் முதலில் ‘அப்டேட்ஸ்’ என்னும் அடைவில் எண்ணிட்ட சிறு கோப்பாக எழுதப்பெற்று, பின்னரே பெரிய பேரேட்டில் சேர்க்கப்படும். அவ்வடைவில் சேர்க்கப்படாத கோப்புகள் எஞ்சியிருந்தால், டிபிகேஜி இடையில் நின்றது என்று கூறி, அதனைச் சரிசெய்யும் ஏவலையும் ஏப்ட் நமக்குச் சொல்லிவிடும். ‘டிபிகேஜி’ என்பதன்பின் ‘கான்பிகர்’ என்னும் விருப்பத்தையும் ‘ஏ’ விருப்பத்தையும் சேர்த்து ஓட்டுவதே அது. பிரிக்கப்பட்டு அமைவு முடியாமல் நின்றவை யாவும் இதனால் முடிவுபெறும். பாதி நிறுவப்பட்ட நிலையில் உள்ளவை இதனால் சீராகா. அவற்றை மறுபடி நிறுவவே வேண்டும். எவை அவ்வாறு உள்ளன என்பதை ‘ஆடிட்’ என்னும் விருப்பம் பட்டியலிட்டுத் தரும்.

கோப்புகளை வைக்கும் விதத்திலும் டிபிகேஜி எச்சரிக்கை உடையது. புதிய கோப்பை நேரே பழையதன்மேல் எழுதாது. ‘டிபிகேஜி-நியூ’ என்னும் பின்னொட்டுடன் பக்கத்தில் முழுவதும் எழுதி, அதன்பின் பெயரை மட்டும் மாற்றும். பெயர் மாற்றம் கர்னலில் ஒரே செயலாகையால், பழையது இருக்கும் அல்லது புதியது இருக்கும்; அரைகுறை இராது. இக்கணக்கிலும் ஒரு பிழை பின்னர்த் தெரிய வந்தது. எக்ஸ்ட்4 கோப்பு முறைமை பரவத் தொடங்கிய 2009-ஆம் ஆண்டு வாக்கில், மின்சாரம் நின்று மீண்ட கணிப்பொறிகளில் வெற்றுக் கோப்புகள் காணப்பட்டன. பெயர் மாறியிருந்தது, உள்ளடக்கமோ இன்னும் வட்டில் இறங்காமல் நினைவகத்திலேயே காத்திருந்து அழிந்தது. அதன்பின், பெயர் மாற்றுமுன் உள்ளடக்கத்தை வட்டில் இறக்கிவிடுமாறு கர்னலை வற்புறுத்தும் படி டிபிகேஜியில் சேர்க்கப்பட்டது. நிறுவும் வேகம் இதனால் சற்றுக் குறைந்தது. வேகம் கருதி இப்படியைத் தவிர்க்கும் விருப்பம் ஒன்றும் உண்டு. மின்சாரம் நிலையாக இல்லாத ஊர்களில் அதனை நாடாதிருத்தலே நலம்.

கள அலுவலர்களுக்கு வேறொரு செய்தி. தொலைவிலிருந்து இணைப்பின் வழியாகப் பல பள்ளிகளின் கணிப்பொறிகளைப் புதுப்பிக்கும்போது, இணைப்பு அறுந்தால் 1-ஆம் எண் சைகை சென்று நிரல் நிற்கலாம். ‘ஸ்கிரீன்’ அல்லது ‘டிமக்ஸ்’ என்னும் நிரலுக்குள் புகுந்து புதுப்பித்தலைத் தொடங்கினால், இணைப்பு அறுந்தாலும் பணி அங்கே தொடர்ந்து நடைபெறும். மீண்டும் இணைந்து பார்த்துக்கொள்ளலாம். வட்டில் இடம் போதிய அளவு உள்ளதா என்பதையும் முன்னரே பார்த்தல் வேண்டும். இடம் தீர்ந்து நின்ற பணியும் இடையில் நின்ற பணியே.

மாணவர்களுக்கு இதனைக் காட்டிக் கற்பிக்க, பயன்பாட்டில் இல்லாத ஒரு கணிப்பொறியோ மெய்நிகர்க் கணிப்பொறியோ போதும். ஆர்ச் லினக்ஸில் சிறு பொதி ஒன்றை நிறுவத் தொடங்கி, ‘தொடரலாமா’ என்று கேட்கும் இடத்தில் விடையளிக்காமல் விட்டுவிடுக. இரண்டாவது முனையத்தில் வேறொரு பொதியை நிறுவ முயன்றால் மறுப்பு வரும். பின்னர் முதல் பேக்மேன் நிரலை 9-ஆம் எண் சைகையால் ஒழித்து, மீண்டும் முயல்க. மறுப்பு அப்படியே இருக்கும், பூட்டுக் கோப்பும் இருக்கும். இதே சோதனையை டெபியனில் ஏப்ட் கொண்டு செய்தால், முதல் நிரல் ஒழிந்த மறுகணமே இரண்டாவது ஏவல் தடையின்றி நடைபெறும். அப்போது டிபிகேஜியின் அடைவைத் திறந்து காட்டினால், பூட்டுக் கோப்பு அங்கேயும் முன்போலவே கிடப்பதை மாணவர் தாமே காண்பர்.